வெள்ளை வேரும் வெள்ளைப் பொடியும்: ஆறு வாரம்

குடியாத்தத்தில் சித்தப்பாவின் மாந்தோப்பில் காற்றுக்கு ஒடிந்து விழுந்த கிளையோடு வந்தது இந்த வாண்டா டெசல்லேட்டா ஆர்க்கிட். காட்பாடியில் எங்கள் மாடியில், தேங்காய் மட்டையில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். மண்ணே வேண்டாத இந்தச் செடிக்குப் பக்கத்தில், மண்ணுக்கு வாசனை தருகிற ஸ்ட்ரெப்டோமைசஸ் பாக்டீரியாவையும் வளர்த்துப் பார்க்க ஆசை வந்தது.

முதல் தடவை மொத்தமும் பாழ். வேப்பமரத்தடி ஈர மண்ணை அப்படியே தூவியதில், மூன்றே நாளில் பாட்டில் முழுக்கக் கொழகொழப்பும் கறுப்புப் பூஞ்சையும். அடுத்த தடவை மண்ணை ஒரு வாரம் நிழலில் உலர்த்தினேன். மண் காயும்போது மற்ற கிருமிகள் பலவும் செத்துப்போகும், ஸ்ட்ரெப்டோமைசஸின் வித்துகள் தாங்கும். அரிசிக் கஞ்சியில் கடல்பாசி கலந்து குக்கரில் 20 நிமிஷம் வைத்து, ஆறி உறைந்தபின் நன்றாக நீர்த்த மண் கரைசல் ஒரே சொட்டு.

ஒன்பதாம் நாள் கடுகளவு வட்டங்கள், சுண்ணாம்பு தடவியது போல. பாட்டிலைத் திறக்கவில்லை, என்னென்ன வளர்ந்திருக்கும் என்று தெரியாமல் திறக்கக் கூடாது. தளர்த்தி வைத்த மூடியோரத்திலேயே முதல் மழை வாசனை வந்துவிட்டது. அது ஜியோஸ்மின், லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். பார்வையையும் இந்த வாசனையையும் வைத்துத்தான் ஸ்ட்ரெப்டோமைசஸ் என்கிறேன்.

அந்த வாரம் வெயில் 40 டிகிரியைத் தாண்டியது. வாண்டாவின் வேர் காலையில் வெள்ளி மாதிரி இருக்கும். தண்ணீர் தெளித்ததும் கண்ணெதிரே பச்சையாகும். வெள்ளையாகத் தெரிவது வெலமென் என்னும் செத்த செல்களின் உறை. பஞ்சு போலத் தண்ணீரை உறிஞ்சி, உள்ளே இருக்கிற உயிருள்ள வேருக்குக் கொடுக்கும். நனைந்தால் ஒளி ஊடுருவுவதால் உள்ளிருக்கும் பச்சை தெரிகிறது.

பாட்டிலுக்குள்ளும் அதே கதைதான். ஸ்ட்ரெப்டோமைசஸ் பூஞ்சை போல இழையிழையாக வளரும். சாப்பாடு தீரும்போது அடி இழைகள் செத்துக் கரைந்து, மேலே எழும்புகிற இழைகளுக்கு உணவாகும். அந்த மேல் இழைகள்தான் துண்டு துண்டாகி வெள்ளைப் பொடியாகின்றன, அதாவது வித்துகளாக. ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகளை இந்தக் குடும்பம் சுரப்பதும் பெரும்பாலும் இந்தச் சமயத்தில்தான். ஒன்றில் செத்தது தண்ணீர் பிடிக்கிறது, மற்றதில் செத்தது சோறு போடுகிறது. இதைப் புரிந்துகொண்ட அன்று ராத்திரி டார்ச்சோடு மாடிக்கும் அடுக்களைக்கும் எத்தனை முறை நடந்தேனோ!

பாட்டில்களை மறுபடி குக்கரில் வேகவைத்துக் கொட்டியாயிற்று. நூல் கட்டி அடையாளம் வைத்த இடத்திலிருந்து வாண்டாவின் வேர் நுனி 11 மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது. மட்டையைத் தொட இன்னும் ஒரு விரற்கடை.