அந்த 'தொழில்' கட்டத்துல என்னத்த எழுதறது?

பேப்பர் போட்டுட்டு உலகம் சுத்தப் போறேன்னு சொன்னப்போ எல்லாரும் கேட்டது ரெண்டே கேள்விதான், கையில எவ்ளோ வச்சிருக்க, திரும்பி வந்தா எவன் வேலை குடுப்பான். ரெண்டுக்கும் பதில் ரெடி. 11 வருஷம் கார்ப்பரேட்ல குப்பை கொட்டினவனுக்கு எக்ஸெல் இல்லாம மூச்சே வராது, 'விடுதலை'ன்னு பேர் வச்சு ஒரு ஷீட்டே போட்டு வச்சிருந்தேன். ஆனா நான் போய் முட்டிக்கிட்டது யாருமே கேக்காத ஒரு இடத்துல. ஃப்ளைட்ல ஒரு அரைவல் கார்டு குடுப்பாங்கல்ல, அதுல 'தொழில்'னு ஒரு கட்டம் இருக்கும்.

லேப்டாப்பையும் ஐடி கார்டையும் ஒப்படைச்சு 9 நாள்தான் ஆச்சு. பேர், பாஸ்போர்ட் நம்பர் எல்லாம் கடகடன்னு எழுதிட்டு வந்து பழக்கதோஷத்துல 'மேனேஜ'ங்கற வரைக்கும் எழுதிட்டேன், அப்பறம்தான் கை நின்னுச்சு. அடிச்சா கவுண்டர்ல ஏதாவது நோண்டுவாங்களோ, அடிக்காம விட்டா பொய்யில்லையா. பக்கத்து சீட்டு அம்மாவுக்கு என் பேனா வேணும், அவங்க பாட்டுக்கு என் கார்டையே பாத்துட்டு இருக்காங்க. கடைசில அடிச்சுட்டு பக்கத்துல ஒரு சின்னக் கோடு போட்டு பேனாவ குடுத்தேன். அவங்க அதே கட்டத்துல 'ரிட்டயர்டு'ன்னு கொட்டை எழுத்துல எழுதினாங்க பாருங்க, அவ்ளோ பொறாமையா இருந்துச்சு எனக்கு.

சரி, அது வெறும் கூச்சம். நிஜ அடி விழுந்தது விசாவுல.

விசா எடுத்துட்டுதான் போகணும்ங்கற பாஸ்போர்ட் வச்சிருக்கறவங்களுக்கு இது புரியும். ஐரோப்பாவுல நிறைய நாட்டுக்கு சேத்து ஒரே விசாவா குடுக்கற ஷெங்கன் விசான்னு போனா வேலை பாக்கற இடத்துலேர்ந்து லெட்டர், லீவு குடுத்ததுக்கு ஒரு லெட்டர், சம்பள ஸ்லிப்பு, பேங்க் ஸ்டேட்மென்ட், குறைஞ்சது 30,000 யூரோவுக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ்னு ஒரு கட்டு கேப்பாங்க. மொத மூணுக்கும் நான் எங்க போவேன்? வருஷத்துக்கு பத்து நாள் லீவுக்கு கெஞ்சிட்டு இருந்தப்போ இந்த பேப்பர் எல்லாம் மேஜை டிராயர்லயே கிடந்துச்சு, இப்ப வருஷம் பூரா லீவு, காட்ட ஒரு பேப்பர் இல்ல. அவங்களுக்கு தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், இவன் திரும்பிப் போவானா மாட்டானா. வேலைக்குப் போறவன்னா திங்கக்கிழமை போய்த்தான் ஆகணும், நம்பிடுவாங்க. திங்கக்கிழமைய தூக்கிப் போட்டவன எப்படி நம்புவாங்க?

மொத தடவை ரிஜெக்ட். அந்த ரிஜெக்ட் ஃபார்ம்ல காரணம் எல்லாம் முன்னாடியே அச்சடிச்சிருக்கும், எது பொருந்துதோ அதுக்கு டிக் மட்டும் போடுவாங்க. விசா முடியறதுக்குள்ள கிளம்பிடுவேங்கறதுல சந்தேகம் இருக்குன்னு எனக்கு ஒரே ஒரு டிக். அப்ரைசல் ஃபார்ம்ல கூட இவ்ளோ ஷார்ட்டா யாரும் என்னைப் பத்தி சொன்னதில்ல. வேலையில இருக்கும்போதே எடுத்து வச்சிருக்கணும்டான்னு ஃப்ரெண்ட்ஸ் சொன்னாங்க. பேப்பர் போட முடிவு பண்ணிட்டு, வேலைக்குத் திரும்பி வருவேன்னு லெட்டர் வாங்கிக் குடுக்கறது எனக்கு ஒத்து வரல, மாட்டினா அடுத்தடுத்த விசாவுக்கும் ஆப்பு. ரெண்டாவது தடவை உள்ளதை உள்ளபடியே எழுதினேன், வேலைய விட்டாச்சு, சேமிப்பு இவ்ளோ, இந்த தேதியில இந்த ஊர், அதுக்கப்பறம் வெளிய போற டிக்கெட் இதுன்னு மூணு பக்கம். கிடைச்சுது.

கிடைச்ச கையோட அடுத்த கணக்கு, 90/180, அதாவது 180 நாள்ல 90 நாள்தான் ஷெங்கன் நாடுகளுக்குள்ள இருக்கலாம். இதைத் தப்பா புரிஞ்சுக்கறவங்க ஏகப்பட்ட பேர். 90 நாள் இருந்துட்டு எல்லைய தாண்டி ஒரு வாரம் இருந்துட்டு வந்தா மறுபடி புதுசா 90 நாள் கிடைச்சுடும்னு நெனைக்கறாங்க, அப்படி இல்லவே இல்ல. நீங்க உள்ள இருக்கற ஒவ்வொரு நாளும் அன்னிலேர்ந்து பின்னாடி 180 நாள் எண்ணிப் பாக்கணும், அதுல உள்ள இருந்தது 90 தாண்டக்கூடாது, இறங்கின நாளும் கிளம்பற நாளும் கூட கணக்குதான். முன்னெல்லாம் நாள் தீர்ந்தா குரோஷியா, ருமேனியா, பல்கேரியான்னு ஒதுங்கி இருப்பாங்க. குரோஷியா 2023லயே ஷெங்கன்ல சேந்தாச்சு, மத்த ரெண்டும் 2025 ஜனவரி 1ல முழுசா உள்ள வந்தாச்சு. ஸ்டாம்பு மங்கலா இருக்கு, கண்டுக்க மாட்டாங்கங்கற கதையும் போச்சு, 2025 அக்டோபர்லேர்ந்து கைரேகை, முகம் எல்லாம் சிஸ்டத்துல ஏத்த ஆரம்பிச்சுட்டாங்க. ஆக மறுபடியும் எக்ஸெல். 'விடுதலை' ஷீட்டுக்குப் பக்கத்துலயே இன்னொரு டேப், மிச்சம் இருக்கற நாள் பத்துக்குக் கீழ வந்தா செல்லு சிவப்பாயிடும். இந்த மாதிரி சிவப்பு செல்லுக்கு பயந்துதான்டா வேலைய விட்டேன்!

இதுக்கு நடுவுல ஓடிபி கொடுமை வேற. ஊர் சிம்முக்கு ரீசார்ஜ் பண்ண மறந்துட்டேன், நம்பர் கட்டாயிடுச்சு, பேங்க்குக்கு என்னைத் தெரியறது அந்த நம்பர வச்சுதான். சொந்தக் காசு இருக்கு, எடுக்க முடியல. ஹாஸ்டல்ல ராத்திரி 2 மணிக்கு மாடிப்படியில உக்காந்து கஸ்டமர் கேர்ல ஹோல்டு மியூசிக் கேட்டுட்டு இருந்தேன், நான் யார்னு நிரூபிக்க அவங்க சொன்ன வழி என்ன தெரியுமா, பதிவு பண்ண நம்பருக்கு ஓடிபி அனுப்பறோம் சார்.

நல்லதே இல்லையான்னு கேக்காதீங்க, இருக்கு. ஜார்ஜியா நாட்டு தலைநகர் திபிலிசில குரா ஆத்தங்கரையில ஒரு பெஞ்சுல உக்காந்திருந்தேன், அப்ப கிளம்பி நாலாவது மாசம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா வயித்துல ஒரு பிசையல் வருமே, வேலைய விட்டும் அது மட்டும் விடாம வாராவாரம் வந்துட்டே இருந்துச்சு. அன்னிக்கு இருட்டற வரைக்கும் உக்காந்துட்டு எந்திரிக்கும்போதுதான் தோணுச்சு, இன்னிக்கு ஞாயித்துக்கிழமைல்ல? வரல. அதுக்கப்பறமும் ரெண்டு மூணு தடவை வந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

இப்ப நிறைய நாட்டுல பேப்பர் கார்டே கிடையாது, தாய்லாந்து கூட 2025 மே 1லேர்ந்து ஆன்லைன் ஆக்கிடுச்சு. போன வாரம் அடுத்து போற நாட்டோட ஃபார்ம போன்ல நிரப்பிட்டு இருந்தேன். அங்கயும் தொழில். காலியா விட்டா அடுத்த பக்கம் போகாது, கோடு போட்டா செல்லாதுங்குது, லிஸ்ட்லேர்ந்துதான் எடுக்கணும். மேலேர்ந்து கீழ வரைக்கும் தள்ளிப் பாத்தேன், ரிட்டயர்டு மேல விரல் ஒரு செகண்டு நின்னுச்சு, அந்த அம்மா ஞாபகம். கடைசில 'மற்றவை'ய தொட்டேன்.

உடனே கீழ புதுசா ஒரு கட்டம் திறந்துச்சு, 'விவரம் எழுதவும்'.