திரைக்குள் அமர்ந்த விமானி

அமெரிக்க விமானி ஜேம்ஸ் டூலிட்டில் என்றதும் உலகப்போர் வரலாறு படித்தவர்களுக்கு டோக்கியோ மீது அவர் நடத்திய குண்டுவீச்சு நினைவுக்கு வரும். கொழும்பை அடுத்த இரத்மலானை விமானத் தளத்தில் விமானக் கருவிகளைப் பழுதுபார்த்தே தொழில் வாழ்வைக் கழித்த எனக்கு அவரை நினைத்ததும் வருவது 1929 செப்டெம்பர் 24. அன்று நியூயோர்க்குக்கு அருகே மிட்செல் தளத்தில், இரண்டு இருக்கைகள் கொண்ட இரட்டைச் சிறகு விமானம் ஒன்றின் பின்னிருக்கையில் அவர் அமர்ந்தார். தலைக்கு மேல் மூடியை இழுத்து அடைத்தார்கள். வானமும் தெரியாது, தரையும் தெரியாது. முன்னிருக்கையில் பென் கெல்சி என்ற இன்னொரு விமானி ஆபத்துக்கு உதவ இருந்தார். அவருக்குக் கைவைக்க வேலை வரவில்லை. டூலிட்டில் கிளம்பினார், குறித்த பாதையில் சுற்றினார், தரையிறங்கினார். மொத்தம் 15 நிமிடங்கள். வெளியே பார்க்காமலே ஒருவர் புறப்பட்டு இறங்கியது உலகில் அதுவே முதல் தடவை.

அந்தப் பறப்புக்கு அவர் நம்பியிருந்தவை ஸ்பெரி நிறுவனம் செய்த, விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கை அடிவானமும், சுழலும் சக்கரத்தால் திசையைக் காட்டும் திசை ஜைரோவும், கோல்ஸ்மன் செய்த நுட்பமான உயரமானியும், தரையிலிருந்து வந்த வானொலிச் சமிக்ஞையும். எங்கள் பட்டறை மேசைக்கு நாள்தோறும் வந்தவை இவற்றின் பேரப்பிள்ளைகள்தாம். அதனால்தான் அவரை எங்கள் தொழிலின் மூத்தவராகவே நான் எண்ணுகிறேன்.

புதிதாகச் சேரும் பயிலுநர்களுக்கு முதலில் கருவியைத் திறந்து காட்டமாட்டேன். ஒருவரைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்துக் கண்ணைத் துணியால் கட்டி, ஒரே சீராகச் சுற்றச் சொல்வேன். அரை நிமிடம் ஆவதற்குள், ‘நாற்காலி நின்றுவிட்டது சேர்’ என்பார். உண்மையில் அது சுற்றிக்கொண்டே இருக்கும். பிறகு நிறுத்தினால், எதிர்ப்பக்கம் சுற்றுவதாகச் சத்தியம் செய்வார். காதுக்குள் இருக்கும் அரைவட்டக் குழாய்களின் திரவம் சுழற்சிக்குப் பழகிவிடுவதால் வரும் மயக்கம் அது. மேகத்துக்குள் விமானி ஒருவர் தம் உடல் சொல்வதை நம்பினால், சாய்ந்து வட்டமிட்டபடி இறங்கும் விமானத்தை நேராகப் போவதாக நினைத்துக்கொண்டு தரையில் மோதுவார். அந்தக் காலத்துத் தேர்ந்த விமானிகள் பலர் அப்படி மாண்டார்கள். திறமை குறைந்ததால் அல்ல. தம் திறமையை நம்பியதால்.

டூலிட்டில் இதை ஆராய்ச்சியால் அறிந்தவர். அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வானூர்திப் பொறியியலில் 1925இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். காற்றின் திசை தமக்கு உடம்பிலேயே தெரிந்துவிடும் என்று அனுபவசாலிகள் உறுதியாகச் சொல்லிவந்தார்கள். தரை கண்ணுக்குத் தெரியாதபோது அந்த உணர்வு இல்லாமற் போகிறது என்று அவர் பறந்து பார்த்தே காட்டினார். சாகச விமானி என்று பெயர் வாங்கிய ஒருவர், சாகசக்காரர்களின் நம்பிக்கையைத் தாமே உடைத்தது எனக்கு மிகப் பெரிய துணிவாகத் தோன்றுகிறது.

எங்கள் வேலையில் கொழும்பின் காற்றுத்தான் முதல் எதிரி. இரத்மலானை ஓடுபாதைக்கும் கடலுக்கும் இடையே அதிக தூரமில்லை. உப்பும் ஈரமும் எங்கும் நுழையும். காற்றால் இயங்கும் ஜைரோவின் சக்கரம் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றுவது; அதன் தாங்கியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் இருந்தால்கூட அடிவானக் கோடு மெல்லச் சாயத் தொடங்கும். உயரமானியைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துக் காற்றைப் படிப்படியாக உறிஞ்சி, ஊசி எந்த அழுத்தத்தில் எந்த உயரத்தைக் காட்டுகிறது என்று அட்டவணையோடு ஒப்பிடுவோம். கடல் மட்டத்துக்கு அருகே காற்றழுத்தத்தின் அலகான ஹெக்டோபாஸ்கலில் ஒன்று பிழைத்தால் உயரம் ஏறக்குறைய 27 அடி பிழைக்கும். வெள்ளவத்தையில் ஒரு இரண்டு மாடி வீட்டின் உயரம் அது. தென்மேற்குப் பருவமழையில் ஓடுபாதையைத் தேடி இறங்கும் ஒருவருக்கு அந்த வீட்டளவு பிழை எதைச் செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. ‘இவ்வளவு சிறிய விலகல்தானே சேர், எல்லைக்குள்தானே இருக்கிறது’ என்று கேட்ட பையன்களிடம் நான் கண்டிப்பாகவே இருந்திருக்கிறேன். எல்லையின் விளிம்பில் நிற்கும் கருவியை மறுபடி திறக்கச் சொல்வேன். இன்றும் அதே கருத்துத்தான்.

போருக்கு வருகிறேன். கொழும்பில் வாழும் நமக்கு இதில் ஒரு பங்கு உண்டு. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் கொழும்புத் துறைமுகத்தையும் இரத்மலானைத் தளத்தையும் தாக்கின. நான்கு நாட்களில் திருகோணமலை. அந்தக் கப்பல்கள் இந்து சமுத்திரத்திலிருந்து நாடு திரும்பிக்கொண்டிருந்த வேளையில்தான், ஏப்ரல் 18 அன்று, லெப்டினன்ட் கேணல் டூலிட்டில், டோக்கியோ முதலிய ஜப்பானிய நகரங்களைத் தாக்க, அமெரிக்க விமானந்தாங்கியான ஹோர்னெட் கப்பலின் தளத்திலிருந்து 16 பி-25 குண்டுவீச்சு விமானங்களை எழுப்பினார். முதல் விமானம் அவருடையது. எதிரியின் காவற்படகு கண்டுகொண்டதால், திட்டமிட்டதைவிடப் பல மணி நேரம் முன்னதாகவே புறப்பட நேர்ந்தது.

குண்டு போட்டதைப் பற்றி எழுதாதவர் இல்லை. நான் நினைத்துப் பார்ப்பது அன்றிரவை. எரிபொருள் தீர்ந்துவரும் நிலையில், சீனக் கரையில் இருளும் மழையும் மேகமும். தரையில் வழிகாட்டும் சமிக்ஞை எதுவும் இல்லை. விமானக் குழுவினர் பலரும் கருவிகளை மட்டுமே பார்த்துப் பறந்து, கடைசியில் பரசூட்டில் குதித்தார்கள். டூலிட்டில் ஒரு நெல்வயலில் விழுந்தார். ஒரு விமானம் சோவியத் மண்ணில் இறங்கியது. மற்ற 15 விமானங்களும் அழிந்தன. எட்டுப் பேர் ஜப்பானியரிடம் சிக்கினார்கள். அவர்களில் மூவருக்கு மரணதண்டனை. விமானங்களை இழந்ததால் தமக்கு இராணுவ நீதிமன்றம் காத்திருக்கிறது என்றே டூலிட்டில் எண்ணினார். கிடைத்தது உயரிய வீரப் பதக்கமும், கேணல் படியைத் தாண்டி நேரே பிரிகேடியர் ஜெனரல் பதவியும். ஆனால் அந்த விமானிகளுக்கு அடைக்கலம் கொடுத்த சீனக் கிராமத்து மக்களை ஜப்பானியப் படை பழிவாங்கியது. அவர்களைச் சொல்லாமல் இந்தத் தாக்குதலைப் பற்றிப் பேசுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஜெனரலான பின் அவர் செய்தவற்றில் பயிலுநர்கள் அதிகம் விவாதித்தது 1944இன் முடிவு. இங்கிலாந்திலிருந்த அமெரிக்க எட்டாவது விமானப்படையின் பொறுப்பை ஏற்றதும், குண்டுவீச்சு விமானங்களை ஒட்டியே பறந்த காவல் விமானங்களை அவிழ்த்துவிட்டு, ஜேர்மன் விமானங்களைத் தேடிச் சென்று அழிக்கப் பணித்தார். குண்டுவீச்சுக் குழுவினர் தம்மைக் கைவிட்டதாகக் கொதித்தார்கள். போதாததற்கு, அவர்கள் முடிக்க வேண்டிய பறப்புகளை 25இலிருந்து 30 ஆகவும் உயர்த்தினார். முதல் முடிவு சரி என்று நான் வாதிடுவேன். ஜேர்மன் விமானப்படை அதன் பிறகு வானத்தை இழந்தது. இரண்டாவதில் என்னால் அவ்வளவு உறுதியாக நிற்க முடிந்ததில்லை. ஐந்து பறப்புகள் கூடுவது என்றால் அந்தப் பையன்களுக்கு அது எண்ணிக்கை மட்டும் அல்ல.

1944 ஜூன் 6, நோர்மண்டியில் படைகள் கரையிறங்கிய நாளில், கடற்கரையை மேகம் மூடியிருந்தது. அந்த ஜெனரல் ஒரு பி-38 போர் விமானத்தைத் தாமே ஓட்டிச் சென்று, மேகத்தில் கண்ட இடைவெளி ஒன்றினூடே கீழே பாய்ந்து, கரையில் நடப்பதைத் தம் கண்ணால் பார்த்துத் திரும்பினார்.

‘ஒரு ஜெனரலுக்கு அது வேலையா, சேர்?’ என்று ஒரு பயிலுநர் கேட்டார்.

‘அவருடைய வேலையே அதுதான், தம்பி’ என்றேன்.