கோபமா, குதூகலமா? குரலில் உணர்வு தேடும் கணினி தடுமாறும் இடங்கள்

பேச்சை எழுத்தாக்கும் நிரலுக்குக் குரலின் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் இடைஞ்சல்தான். உணர்வு தேடும் நிரலுக்கோ சரக்கே அதுதான். தொடக்க வேலை இரண்டுக்கும் ஒன்று: ஒலியை நொடிக்கு 16,000 முறை அளப்பது (ஒவ்வோர் அளவும் ஒரு மாதிரி), அதை 25 மில்லிநொடித் துண்டுகளாக, 10 மில்லிநொடிக்கு ஒரு நகர்வாக எடுப்பது. ஒரு துண்டில் 400 மாதிரிகள் இருக்கும்.

துண்டுதோறும் பிட்ச் (குரலின் சுருதி), ஒலியளவு, அலைக்கற்றையின் சாய்வு (தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து உயர்ந்ததற்குப் போகப்போக ஒலி எவ்வளவு குறைகிறது என்பது) ஆகியவற்றை அளந்து, வாக்கியம் முழுவதற்கும் சராசரியும் சிதறலும் எடுப்பார்கள். ஈஜிமேப்ஸ் என்ற தொகுப்பில் இப்படி 88 அளவுகள். இவற்றில் அடிக்கடி காலை வாருவது பிட்ச். 110 ஹெர்ட்ஸில் பேசுபவரை நிரல் 220 என்று படித்துவிடும். கரகரத்து அடங்கும் வாக்கிய முடிவில் பாதியாகவும் படிக்கும். பேசுபவருக்கு ஏற்பத் தேடும் எல்லையைக் குறுக்கி, சராசரிக்குப் பதில் இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) எடுத்தால் பெரும்பகுதி சரியாகும்.

மைக்கின் தானியங்கி ஒலியளவுச் சமப்படுத்தலை அணைத்துவிடுங்கள். கத்தலையும் முணுமுணுப்பையும் அது ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்துவிடும். இரைச்சல் நீக்கியும் அப்படித்தான், பெருமூச்சைக் குப்பை என்று நினைத்துத் துடைத்துவிடும்.

இத்தனையும் சரியாக இருந்தாலும் கோபமும் குதூகலமும் குழம்பும். இரண்டிலும் குரல் உயரும், வேகம் கூடும். கணினி நன்றாகப் பிடிப்பது பேசுபவரின் கொந்தளிப்பை. அது இனிப்பா கசப்பா என்பதைச் சொல்ல, பேசிய சொற்களும் முகமும் துணைக்கு வேண்டும்.

ஆளுக்கு ஆள் குரல் வேறுபடுவதால், அவரவர் சராசரியைக் கழிப்பது வழக்கம். கையில் இருப்பது கோபப் பேச்சு மட்டுமே என்றால், கழித்ததும் கோபமே காணாமல் போகும்! சாதாரணப் பேச்சிலிருந்து எடுத்த சராசரியைத்தான் கழிக்க வேண்டும்.

இனி நிரலுக்கு மதிப்பெண் போடுவது. பெர்லின் எமோடிபி என்ற ஜெர்மன் உணர்வுப் பேச்சுத் தொகுப்பில் 10 நடிகர்கள், அதே 10 வாக்கியங்களைப் பல உணர்வுகளில் பேசியிருக்கிறார்கள். பதிவுகளைக் குலுக்கிப் பிரித்தால் ஒரே ஆள் பயிற்சியிலும் இருப்பார், தேர்விலும் இருப்பார். நிரல் உணர்வுக்குப் பதில் ஆளை மனப்பாடம் செய்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நடிகரை முழுவதும் ஒதுக்கிவைத்துச் சோதியுங்கள், மதிப்பெண் சரியும். அந்தச் சரிந்த எண்ணை நம்பலாம், அதுவும் நடிப்புக் குரலுக்கு மட்டும்.

இயல்பான உரையாடலில் 70 விழுக்காடு சாதாரணப் பேச்சு என்றால், எல்லாவற்றையும் ‘சாதாரணம்’ என்று சொல்லும் மக்கு நிரலும் 70 வாங்கிவிடும். உணர்வு வாரியாக எத்தனை பிடிபட்டது என்று தனித்தனியே எண்ணிப் பிறகு சராசரி எடுங்கள். நான்கு உணர்வுகள் என்றால் அதே மக்கு நிரலுக்கு 25தான் கிடைக்கும்.