சேலத்திலிருந்து ஒரு நரகம்
தமிழ்ப் புதுக்கவிதையில் நம்பிக்கையிழப்பும் அந்நியமாதலும் பெருநகரத்தின் சரக்கு என்று பேசுகிறவர்கள், அவற்றை முதலில் அழுத்தமாக எழுதியவர்களுள் ஒருவரான சி. மணி நம் சேலத்தில் வாழ்ந்து 2009இல் மறைந்தவர் என்பதை ஏனோ மறந்துவிடுகிறார்கள். சி. சு. செல்லப்பாவின் 'எழுத்து' இதழில் 1962இல் வெளிவந்த அவருடைய 'நரகம்' என்னும் நீள்கவிதை, சென்னையின் மாலைநேரக் கூட்டத்தில் ஆசையோடு அலைந்து, எதிலும் ஒட்ட முடியாமல் தவிக்கும் ஓர் இளைஞனைப் பின்தொடர்கிறது. ஆங்கிலக் கவிஞர் டி. எஸ். எலியட்டின் சாயல் அதில் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தத் தவிப்பு இரவல் வாங்கியதன்று. 1968இல் சேலத்திலிருந்து தொடங்கிய 'நடை' இதழில் மரபு யாப்பையும் பொருட்படுத்திப் பேசியவர் என்பதால், அவர் உடைத்த மரபு அவருக்கு நன்றாகத் தெரிந்த மரபு.

இன்றைய கவிதைகள் பலவற்றில் எனக்குக் குறையாகப் படுவது இதுதான்: யாரிடமிருந்து, எதனால் அந்நியமானோம் என்று சொல்லாமலேயே வெறுமை, தனிமை, கசந்த தேநீர் என்று அடுக்கிவிடுகிறார்கள். (தேநீர் இல்லாத கவிதைத் தொகுப்பைக் கண்டால் தெரிவியுங்கள்.) சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்து வெள்ளிப் பட்டறையில் புகைக்கு நடுவே நாளெல்லாம் கொலுசுக்குப் பற்றவைத்துவிட்டு, அதில் ஒரு சோடி வாங்கவும் கூலி போதாமல் வீடு திரும்புகிறவரின் அந்நியத்துக்குக் காரணம் இருக்கிறது, கணக்கும் இருக்கிறது. அதை எழுதும் கவிதையைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். நண்பர்கள் படித்திருந்தால் பெயர் சொல்லுங்கள்.