தொலைபேசியை எடுப்பவர்

காலை ஒன்பது மணிக்கு வானொலி நிலையத்துக்குத் தொலைபேசி செய்ய யாருக்கு நேரம் இருக்கும்? ஓய்வுபெற்றவர்களுக்கு, லாரி ஓட்டுகிறவர்களுக்கு, இரவுப் பணி முடிந்து காரில் வீடு திரும்பும் செவிலியர்களுக்கு, வேலை தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு. சான்பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் உள்ள ஒரு சிறிய பொது வானொலி நிலையத்தில் அந்த அழைப்புகளை எடுப்பதுதான் பல ஆண்டுகளாக என் வேலையாக இருந்தது. வார நாட்களில் தினமும் நேரலை. முதல் ஒரு மணி நேரம் பெரும்பாலும் நாட்டு நடப்பு. அடுத்தது புத்தகமோ, இசையோ, சமையலோ. பதவியின் பெயர் தயாரிப்பாளர். ஊரில் அம்மா அதைச் சினிமாத் தயாரிப்பாளர் என்கிற தோரணையில் அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தார். நானும் திருத்தவில்லை.

இங்கே பொது வானொலி என்றால் அரசு வானொலி அல்ல. ஆகாசவாணியைக் கேட்டு வளர்ந்த நம்மவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1967ஆம் ஆண்டின் பொது ஒலிபரப்புச் சட்டத்தின் வழியாகக் கொஞ்சம் மத்திய அரசுப் பணம் வந்துகொண்டிருந்தது. அடுத்த ஈராண்டுக்கென ஒதுக்கியிருந்த சுமார் 110 கோடி டாலரை 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்கு முன்பும் எங்களைப் போன்ற நிலையங்கள் பெரிதும் நம்பியிருந்தது நேயர்களின் நன்கொடையைத்தான். ஆகவே அழைக்கிறவர்தான் எங்களுக்குப் படியளக்கிறவரும். “நான் பல வருடங்களாகச் சந்தா கட்டுகிறேன்” என்று ஒருவர் தொடங்கினால், அதற்காக முன்வரிசை கிடையாது என்பதை அவர் மனம் நோகாமல் சொல்ல வேண்டும். கறாராக இருப்பது எளிது, கறாராக இருப்பது தெரியாமல் இருப்பதுதான் கஷ்டம்.

தினமும் ஒரே நேரத்தில், ஒரே குரலில், ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு நிதானமாகப் பேசும் வழக்கம் இந்த நாட்டு உள்ளூர் நிலையங்களில் ஊறிப்போன ஒன்று. சான்பிரான்சிஸ்கோவின் கே.க்யூ.இ.டி. நிலையத்தின் ‘ஃபோரம்’ நிகழ்ச்சியை 1993 முதல் 2021 வரை நடத்திய மைக்கேல் கிராஸ்னி ஆங்கில இலக்கியப் பேராசிரியர். நியூயார்க்கில் பிரயன் லேரர் 1989இலிருந்து நடத்திவருகிறார். வாஷிங்டனில் டயான் ரீம், குரல்வளையைப் பாதித்த நோயோடு போராடிக்கொண்டே 2016 வரை நடத்தினார். வானொலிக்கு இதுதான் ‘நல்ல குரல்’ என்று நாம் வைத்திருக்கும் கணக்கையெல்லாம் அவர் குரல் பொய்யாக்கியது. பிலடெல்பியாவில் டெரி கிராஸின் ‘ஃப்ரெஷ் ஏர்’ வேறு வகை. அதில் நேயர் அழைப்பே கிடையாது. விருந்தினரும் பெரும்பாலும் வேறொரு ஊரின் ஒலிப்பதிவு அறையில் இருப்பார். நேர்காணல் என்ற கலையில் அதற்கு இணையில்லை என்பதே என் எண்ணம். ஆனாலும் தொலைபேசியைத் திறந்து வைத்திருக்கும் நிகழ்ச்சியில் யாரும் எழுதி வைத்திராத ஒன்று உள்ளே வந்துவிடும். அந்த வாசலில்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மணி நேரம் என்பது பெயருக்குத்தான். தொடக்கத்தில் செய்தி, நடுவே இடைவேளைகள், நிலையத்தின் பெயர் சொல்லல், போக்குவரத்து நிலவரம். இவை போக மிஞ்சுவதில் மூன்று விருந்தினர்களை உட்கார வைத்தால் ஆளுக்கு ஒரு கருத்து சொல்லிவிட்டுப் போவார்கள். எதையும் யோசித்துப் பேச நேரம் இருக்காது. நம் தொலைக்காட்சி விவாதங்களில் எட்டுக் கட்டங்களில் எட்டு முகங்கள் ஒரே நேரத்தில் கத்துவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருவதில்லை, எண்ணிக்கையைத்தான் குறை சொல்லத் தோன்றும். விருந்தினர் ஒருவர் போதும். மிஞ்சினால் இருவர். மீதி இடம் அழைப்பவர்களுக்கு.

அழைப்பை எடுத்ததும் பெயர், ஊர், சொல்ல வரும் விஷயம் ஆகிய மூன்றையும் கேட்டு, நெறியாளரின் திரையில் ஒரு வரியாகத் தட்டச்சு செய்ய வேண்டும். அந்த ஒரு வரியில்தான் எல்லாம் இருக்கிறது. “ஓக்லாந்து, வாடகை உயர்வை எதிர்க்கிறார்” என்று எழுதினால் நெறியாளர் அதைத் தொடவே மாட்டார், வாடகை உயர்வை எதிர்க்காதவர் யார்? “ஓக்லாந்து, பிறந்ததிலிருந்து இருந்த வீட்டைப் போன மாதம் காலி செய்தவர்” என்று எழுதினால் உடனே எடுப்பார். இரண்டும் ஒரே ஆளாக இருக்கலாம். இதனால் நான் எல்லோரிடமும் தவறாமல் கேட்ட ஒரு கேள்வி: “இது உங்களுக்கு நடந்ததா, நீங்கள் கேள்விப்பட்டதா?” பலர் இதைக் கேட்டதும் சற்றுத் தயங்குவார்கள். கருத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழைத்தவர், அது எங்கிருந்து வந்தது என்று தனக்குள் தேடுவது காதில் கேட்கும். சிலர் கோபித்துக்கொண்டு வைத்துவிடுவதும் உண்டு.

கெட்ட வார்த்தைகளைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். காலை ஆறு முதல் இரவு பத்து வரை ஆபாசமான பேச்சு காற்றில் போகக் கூடாது என்பது இங்குள்ள விதி. அதற்காக ஒலிபரப்பு சில விநாடிகள் தாமதித்தே போகும். பொத்தானை அழுத்தினால் அந்தத் துண்டு விழுந்துவிடும். அதை அழுத்த வேண்டிய நிலை அபூர்வம். திட்ட விரும்புகிறவர்கள் என்னிடமே திட்டி முடித்துவிடுவார்கள்.

2020 செப்டம்பர் 9ஆம் தேதி காலையில் “உங்களுக்கு நடந்ததா?” என்ற கேள்விக்கே அவசியம் இல்லாமல் போயிற்று. காட்டுத்தீப் புகை மேலே படர்ந்து, விடிந்த பிறகும் வானம் ஆரஞ்சு நிறத்தில் இருண்டு கிடந்தது, தெருவிளக்குகள் அணையவில்லை. பெருந்தொற்றுக் காலம் வேறு. நெறியாளர் தன் வீட்டுத் துணி அலமாரிக்குள் கம்பளியைத் தொங்கவிட்டு அங்கிருந்து பேசினார், நான் என் சமையலறை மேசையிலிருந்து அழைப்புகளை எடுத்தேன். திட்டமிட்டிருந்த விஷயத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, “உங்கள் ஜன்னலில் என்ன தெரிகிறது?” என்று மட்டும் நேயர்களைக் கேட்டோம். கோழிகள் கூட்டை விட்டு வர மறுக்கின்றன என்றார் ஒருவர். பள்ளிக்கூட வகுப்பைக் கணினியில் நடத்திக்கொண்டிருந்த ஓர் ஆசிரியை, பிள்ளைகளின் முகமெல்லாம் செம்மண் பூசியதுபோல் இருக்கிறது என்றார். வானிலை நிபுணர் ஒருவரும் இணைப்பில் இருந்தார். நல்ல மனிதர், தன் முறை வரும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு என்ன பொருள் என்று எனக்கே உறைத்தது 2023இல்தான். கலிபோர்னிய மாநில மேலவை உறுப்பினர் ஆயிஷா வஹாப், சாதிப் பாகுபாட்டை வெளிப்படையாகத் தடைசெய்யும் எஸ்.பி. 403 என்ற மசோதாவைக் கொண்டுவந்தார். அந்த ஆண்டு பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம், அமெரிக்க நகரங்களில் முதலாவதாக, அப்படியொரு தடையை நிறைவேற்றியிருந்தது. சாதி என்கிற விஷயமே எங்கள் அலுவலகத்தில் பேச்சுக்கு வந்தது, 2020இல் சாதிப் பாகுபாட்டுக்காக சிஸ்கோ என்ற தொழில்நுட்ப நிறுவனத்தின் மீது மாநில அரசு வழக்குத் தொடுத்த பிறகுதான். மசோதாவைப் பற்றி ஒரு மணி நேரம் ஒதுக்கினோம். ஆதரிப்பவர் ஒருவர், எதிர்ப்பவர் ஒருவர். அந்த நிகழ்ச்சியைத் தயாரித்தவர்களில் இந்தியாவில் பிறந்து வளர்ந்தவர் நான் மட்டுமே.

தொலைபேசி விளக்குகள் அணையவே இல்லை. ஃப்ரீமாண்ட்டிலிருந்து ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் அழைத்தார். என் பெயரைச் சொன்னதும் தமிழுக்கு மாறிவிட்டார்.

“நீங்கள் எந்த ஊர் அம்மா?”

“மதுரை, சார்.”

“மதுரையில் எந்தப் பக்கம்?”

சொன்னேன்.

“ஓ. அப்பா என்ன வேலையில் இருந்தார்?”

“சார், நேரம் குறைவு. நிகழ்ச்சியில் என்ன சொல்லப் போகிறீர்கள்?”

“இந்த நாட்டில் யாரும் சாதியை விசாரிப்பதே இல்லை, அம்மா. அதைத்தான் சொல்லப் போகிறேன்.”

அவரைக் காற்றில் அனுப்பினேன். நன்றாகவே பேசினார். இந்தச் சட்டம் வந்தால் தன் பேரப்பிள்ளைகளை உடன் வேலை செய்பவர்கள் சந்தேகத்தோடு பார்ப்பார்கள் என்ற பயத்தைச் சொன்னார். அந்தப் பயம் உண்மையானது, அது ஒலிபரப்பில் வர வேண்டியதுதான். அவர் என்னை விசாரித்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. தொலைபேசியில் என்னிடம் சொல்வது என்னோடு நிற்கும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் இந்த வேலை நடக்காது.

இரண்டு அழைப்புகளுக்குப் பிறகு சன்னிவேலிலிருந்து ஒரு கணினிப் பொறியாளர். பெயர் சொல்ல மாட்டேன், ஊரை மட்டும் சொல்லுங்கள் என்றார். பெயரில்லாமல் யாரையும் சேர்ப்பதில்லை என்பது எங்கள் வழக்கம். காரணம் சரியாக இருந்தால் விலக்கு உண்டு. காரணம் சரியாகவே இருந்தது. காற்றில் வந்ததும் அவர் அலுவலக விருந்து ஒன்றைப் பற்றிப் பேசினார். உணவுத் தட்டோடு நின்றுகொண்டிருந்தபோது மூத்த சக ஊழியர் ஒருவர் வந்து சிரித்த முகத்தோடு தன் தோளில் தட்டினாராம், கை தோளிலிருந்து முதுகுக்கு மெல்ல இறங்கியதாம், அதற்குப் பிறகு அவர் தன்னிடம் பேசிய விதமே மாறிவிட்டதாம். அத்தோடு நிறுத்திக்கொண்டார். புரிந்திருக்கும் என்ற நம்பிக்கையில் நிறுத்தினார்.

நெறியாளர் அயோவா மாநிலத்துக்காரர். அவருக்குத் தோளில் தட்டுவது என்றால் தோளில் தட்டுவதுதான். “பகிர்ந்ததற்கு நன்றி” என்று சொல்ல வாயெடுத்தார். அவருடைய ஹெட்போனில் மட்டும் கேட்கும் பொத்தானை அழுத்தி, “என்ன தேடினார் என்று கேளுங்கள்” என்றேன். நல்ல நெறியாளர்கள் காரணம் கேட்பதில்லை. “அவர் கை எதையாவது தேடியதா?” என்று அப்படியே கேட்டார்.

“பூணூல்” என்றார் அழைத்தவர். பிறகு பூணூல் என்றால் என்ன, அது சட்டைக்குள் எந்தத் தோளில் கிடக்கும், தன் தோளில் ஏன் இல்லை என்பதையெல்லாம் அவரே விளக்கினார். ஆதரவு, எதிர்ப்பு என்று எழுதிக்கொண்டு வந்திருந்த இரு விருந்தினர்களும் அதற்குமேல் அந்தக் கையைப் பற்றித்தான் பேச வேண்டியிருந்தது.

நிகழ்ச்சி முடிந்ததும் மூத்த ஆசிரியர் ஒருவர் என்னை அழைத்தார். குற்றம் சாட்டவில்லை, ஆனால் கேட்டார்: தொலைபேசியை எடுப்பவர் கேள்வியையும் எடுத்துக் கொடுத்தால் நடுநிலை என்னாவது? நான் அவருக்கு ஓக்லாந்தை நினைவுபடுத்தினேன். கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்கு வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டு வீட்டுக் கடன் மறுத்த வரலாற்றை ஒரு நேயர் பாதி வாக்கியத்தில் தொட்டால் போதும், மீதியை நெறியாளர் தானே கேட்டுவிடுவார். யாரும் அவர் காதில் ஓத வேண்டியதில்லை. அந்த அறையில் எல்லோருக்கும் அது தெரியும். தெரிந்தவர்கள் பெரும்பான்மையாக இருந்தால் அதற்குப் பெயர் அனுபவம், ஒருவர் மட்டுமே என்றால் சாய்வா? அவர் யோசித்துவிட்டு, விளக்கம் கேட்கும் கேள்விகளை மட்டும் எடுத்துக் கொடுக்கலாம், அவற்றைக் குறித்து வைக்க வேண்டும் என்று ஒரு விதி போட்டார். அலுவலகங்களில் இதற்குமேல் எதிர்பார்க்க முடியாது. இது மோசமான விதியும் அல்ல.

மசோதா இரு அவைகளிலும் நிறைவேறி, 2023 அக்டோபர் 7ஆம் தேதி ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட மறுத்துத் திருப்பி அனுப்பினார். இப்போதிருக்கும் சட்டங்களே போதும் என்பது அவர் சொன்ன காரணம். அதைப் பற்றியும் ஒரு நிகழ்ச்சி செய்தோம். சட்ட நுணுக்கங்கள் நிறைய இருந்தன. தோளில் தட்டிய கை போல எதுவும் வரவில்லை.

இப்போது நான் விருந்தினர்களை ஏற்பாடு செய்யும் பக்கம் வந்துவிட்டேன். தொலைபேசியில் உட்காருபவர் கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் வளர்ந்த ஓர் இளம் பெண். தாய் தந்தை மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். வெயில் காலத்தில் வயல் வேலையைப் பற்றி ஒரு நிகழ்ச்சி நடந்தது. வெப்பம் 80 பாரன்ஹீட்டைத் தாண்டினால் தொழிலாளர்களுக்கு நிழல் அமைத்துத் தர வேண்டும் என்பது கலிபோர்னிய விதி. ஒருவர் ஸ்பானிஷில் அழைத்தார். திக்கித் திக்கிப் பேசினார், வாக்கியங்கள் பாதியில் நின்றன. நேரலைக்குச் சரிப்படாத குரல் என்று யாரும் ஒதுக்கியிருப்பார்கள். இவளோ, “உங்கள் வீட்டில் என்ன மொழி?” என்று கேட்டாள். மிஸ்தெகோ என்றார் அவர். மெக்சிகோவின் வாகாகா மாநிலத்துப் பழங்குடி மொழி அது. இங்கே வயல்களில் அதைப் பேசுகிறவர்கள் ஏராளம். ஸ்பானிஷ் அவருக்கு இரண்டாவது மொழி.

செய்தி இடைவேளை முழுவதும் அவரை இணைப்பிலேயே வைத்திருந்து, நெறியாளரின் திரையில் எழுதினாள்: “மெதுவாகப் பேசுவார். நான் மொழிபெயர்க்கிறேன். அவசரப்படுத்த வேண்டாம்.” வெப்பப் பாதுகாப்பு விதிகளைப் பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியில் எழுதி வைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. தன் குழுவில் எழுதி வைத்திருப்பது ஸ்பானிஷில், அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் பாதிப் பேர்கூட இல்லை என்றார் அவர். விருந்தினராக வந்திருந்த வழக்கறிஞர் தன் குறிப்புகளை ஒதுக்கி வைத்துவிட்டு, குழுவில் எத்தனை பேர், மேஸ்திரி எந்த மொழிக்காரர், விளக்கம் எப்போது தருகிறார்கள் என்று அவரிடமே ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். நெறியாளர் குறுக்கிடவில்லை. அடுத்த விருந்தினருக்குத் தொலைபேசி செய்து, உங்கள் நேரம் பத்து நிமிடம் குறைகிறது என்று சொல்லும் வேலை எனக்கு வந்தது.