டெபியன் 13: புட்டுக்குற இடத்தையெல்லாம் அவங்களே எழுதி வச்சிருக்காங்க

டெபியன்ங்கற லினக்ஸ் ஓஎஸ்ஸை 12ல இருந்து 13க்கு ஏத்தலாமா, ஏத்துனா ஏதாவது புட்டுக்குமான்னு யாராவது ஒருத்தர் கேட்டுட்டே தான் இருக்காங்க. புட்டுக்கும். ஆனா எது எது புட்டுக்கும்னு டெபியன்காரங்களே ரிலீஸ் நோட்ஸ்ல அஞ்சாவது அத்தியாயம் பூரா எழுதி வச்சிருக்காங்க, அதைத்தான் யாரும் தொடுறதில்ல. நேரா யூட்யூப்ல பாத்து நாலு கமாண்டை காப்பியடிச்சு ஓட்டிட்டு, அப்புறம் டெலிகிராம் குரூப்ல வந்து "அண்ணா சிஸ்டம் போச்சு"ன்னு போன்ல எடுத்த மங்கலான போட்டோவை போடுறாங்க. அதுல பாதிக்கு மேல அந்த அத்தியாயத்துல வார்த்தைக்கு வார்த்தை இருக்க விஷயம்.

முதல்ல அவசரம் எதுவும் இல்ல. 13க்கு பேரு ட்ரிக்ஸி, 2025 ஆகஸ்ட் 9 வந்துச்சு. 12, அதாவது புக்வொர்ம், 2023 ஜூன்ல வந்தது, அதுக்கு எல்டிஎஸ்ங்கற நீண்ட கால சப்போர்ட் 2028 ஜூன் வரைக்கும் இருக்கு. அதனால பரீட்சை, ப்ராஜெக்ட், ஆடிட்டிங்னு ஏதாவது தலைக்கு மேல இருந்தா விட்டுருங்க, முடிச்சிட்டு பாத்துக்கலாம். இன்னும் 11லயே இருக்கவங்க நேரா 13க்கு தாவக் கூடாது, 12க்கு போயி அது ஒழுங்கா ஓடுதான்னு பாத்துட்டு அப்புறம் தான் 13.

ஏத்துறதுக்கு முன்னாடி பேக்கப் எடுக்கணும்னு எல்லாரும் சொல்லுவாங்க, நான் வேற ஒண்ணு சொல்றேன், பூட் பார்ட்டிஷனை, அதாவது சிஸ்டம் எழும்பத் தேவையான ஃபைல் இருக்கற டிஸ்க் பகுதியை பாருங்க. கர்னலும் (ஓஎஸ்ஸோட மையப் பகுதி) ஃபர்ம்வேரும் (வைஃபை மாதிரி சாதனங்களுக்கான மென்பொருள்) வருஷா வருஷம் ஊதிக்கிட்டே போகுது, இப்ப பூட் தனி பார்ட்டிஷனா இருந்தா அது 768 எம்பியாவது இருக்கணும், அதுல ஒரு 300 எம்பி காலியா இருக்கணும்னு நோட்ஸ்லயே சொல்றாங்க. ஹார்டு டிஸ்கை என்கிரிப்ட் பண்ணி இன்ஸ்டால் பண்ணவங்களுக்கு பூட் தனியா தான் இருக்கும், பழைய இன்ஸ்டாலர் அதுக்கு ரொம்ப கம்மியா தான் இடம் ஒதுக்கியிருக்கும். இடம் பத்தலைன்னா கர்னல் பாதி இறங்கும்போது இனிட்ராம்எஃப்எஸ்ங்கற பூட் ஃபைலை எழுத முடியாம அந்தரத்துல நிக்கும், அதை விட கடுப்பான விஷயம் கிடையாது. பழைய கர்னலை எடுத்துப் போட்டு (இப்ப ஓடிட்டு இருக்கறதை இல்ல!) இடம் பண்ணிட்டு ஆரம்பிங்க. அதுக்கும் மேல வேணும்னா இனிட்ராம்எஃப்எஸ் செட்டிங்ஸ்ல மாட்யூல்ஸ்ங்கறதை மோஸ்ட்ல இருந்து டெப்னு மாத்துனா உங்க மெஷினுக்கு தேவையான டிரைவரை மட்டும் போட்டுக்கும், சைஸ் நல்லாவே குறையும்.

அப்புறம் வெளி ரெப்போ, அதாவது டெபியனோடது இல்லாத மத்த சாஃப்ட்வேர் களஞ்சியங்கள். கோட் எடிட்டர், பிரவுசர், டாக்கர்னு ஆளாளுக்கு நாலஞ்சு சேத்து வச்சிருப்போம், அதை எல்லாம் தற்காலிகமா அணைச்சு வைங்க. ஹோல்ட் போட்டு, அதாவது ஏறாம நிறுத்தி வச்ச பேக்கேஜ் ஏதாவது இருக்கான்னு ஆப்ட்-மார்க் ஷோஹோல்டுன்னு அடிச்சு பாருங்க. அடுத்து, பேக்கேஜை எங்க இருந்து எடுக்கணும்னு சொல்ற சோர்சஸ் ஃபைல்ல புக்வொர்ம்னு இருக்க இடத்துல எல்லாம் ட்ரிக்ஸின்னு மாத்தணும், செக்யூரிட்டி லைனையும் சேத்து தான், அதை விட்டுட்டு போறவங்க நிறைய பேரு. சில பேரு அங்க பேரு போடாம ஸ்டேபிள்னு போட்டு வச்சிருப்பாங்க, அவங்களுக்கு புது ரிலீஸ் வந்த அன்னைக்கு சாதாரண அப்டேட் அடிச்சா கூட மொத்த சிஸ்டமும் ஏற ஆரம்பிச்சிடும், தயவுசெஞ்சு அதை மாத்தி பேரையே போடுங்க.

ஏத்துறது ரெண்டு படி. முதல்ல ஆப்ட்ங்கற பேக்கேஜ் கமாண்ட்ல அப்கிரேடை வித்அவுட்-நியூ-பிகேஜிஎஸ் ஆப்ஷனோட ஒரு தடவை, அப்புறம் ஃபுல்-அப்கிரேட். புது ஆப்ட் 3.0ல நீக்கப் போற பேக்கேஜ் எல்லாம் சிவப்பு கலர்ல தனியா காட்டுது, அந்த சிவப்பை மட்டும் நிதானமா படிச்சா போதும். ஆனா பாருங்க, ஃபுல்-அப்கிரேடை நீங்க அடிக்கும்போது ஓடுறது இன்னும் பழைய ஆப்ட் தான், அதனால இந்த தடவை அந்த லிஸ்டை கண்ணை சுருக்கிட்டு பழையபடியே தான் படிக்கணும். நடுவுல கான்ஃபிக் ஃபைலை மாத்தவா, இருக்கறதை வச்சுக்கவான்னு கேட்டா டி அடிச்சு வித்தியாசத்தை பாத்துட்டு முடிவு பண்ணுங்க, சும்மா ஒய் ஒய்னு தட்டிட்டே போகாதீங்க.

விபிஎஸ், அதாவது வாடகை சர்வர் வச்சிருக்கவங்க எஸ்எஸ்எச்ங்கற ரிமோட் லாகின் வழியா தான் ஏத்துவீங்க, அதுல ஒரு கண்ணி இருக்கு. 12லயே எல்லா அப்டேட்டும் போட்டு எஸ்எஸ்எச் சர்வரை லேட்டஸ்டுக்கு கொண்டு வந்துட்டு தான் 13 பக்கம் போகணும். இல்லைன்னா ஏறிட்டு இருக்க நேரத்துல நெட் அறுந்துச்சுன்னா புதுசா உள்ள போக முடியாது, சர்வர் பாதியில கெடக்கும், நீங்க வெளியில நிப்பீங்க. நெட் அறுந்தாலும் வேலையை விடாம ஓட்டுற டீமக்ஸோ ஸ்க்ரீனோ போட்டு அதுக்குள்ள ஓட்டுங்க. டிஎஸ்ஏங்கற பழைய வகை லாகின் கீ இன்னும் வச்சிருக்க புண்ணியவான்கள் யாராவது இருந்தா இப்பவே புதுசு மாத்திக்கங்க, புது எஸ்எஸ்எச்ல அது சுத்தமா எடுபடாது. சில நெட்வொர்க் கார்டுக்கு இன்டர்ஃபேஸ் பேரு மாறுறதும் உண்டு, கன்சோல் வழியா உள்ள போக வழி இருக்கான்னு முன்கூட்டியே பாத்து வைங்க.

சர்வர்ல இன்னொண்ணு, சத்தமே போடாம போகும். கர்னல் செட்டிங்ஸ் எழுதி வைக்க சிஸ்சிடிஎல் டாட் கான்ஃப்னு எட்சி ஃபோல்டருக்குள்ள ஒரு ஃபைல் இருக்குல்ல, 13ல சிஸ்டம்டி (சர்வீஸ் எல்லாத்தையும் துவக்குற புரோகிராம்) அதை படிக்கவே படிக்காது. நீங்க எழுதுனது இருக்கும், ஆனா யாரும் சீண்ட மாட்டாங்க. வயர்கார்டு விபிஎன் போட்டு ஐபி ஃபார்வர்டிங்கை (ஒரு நெட்வொர்க்ல வர்றதை இன்னொண்ணுக்கு கடத்துற செட்டிங்) அதுல எழுதி வச்சவங்களுக்கு ரீபூட் ஆனதும் கனெக்ஷன் வரும், நெட் மட்டும் வராது. சிஸ்சிடிஎல் டாட் டின்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுக்குள்ள ஒரு ஃபைல் போட்டு அந்த வரிகளை மாத்திட்டா சரி.

இப்ப 32 பிட் கதை. தென்காசியில எங்க சித்தப்பா ஜெராக்ஸ் கடை வச்சிருக்காரு, அங்க ஒரு பழைய கோர் 2 டுயோ மெஷின், யாரோ எப்பவோ 32 பிட் டெபியனை போட்டு குடுத்துட்டு போயிட்டாங்க. 13ல 32 பிட் இன்டெலுக்கு கர்னலும் கிடையாது இன்ஸ்டாலரும் கிடையாது, 64 பிட் சிஸ்டத்துக்குள்ள பழைய சாஃப்ட்வேர் ஓட்டுறதுக்கு மட்டும் தான் அதை வச்சிருக்காங்க. அப்ப 32 பிட்ல இருக்கவங்க அப்கிரேடே பண்ணாதீங்கன்னு தான் நோட்ஸ் சொல்லுது. சித்தப்பா கிட்ட இதை சொன்னதும் "டேய், அப்ப புது பொட்டி வாங்கணுமா, அதுக்கு தான் இம்புட்டு சுத்தி வளைச்சியா"ன்னாரு. "இல்ல சித்தப்பா, கொஞ்சம் பொறுங்க"ன்னு எல்எஸ்சிபியூன்னு ஒரு கமாண்ட் அடிச்சு காட்டுனேன், ரெண்டாவது வரியில 32 பிட், 64 பிட்னு ரெண்டுமே இருந்துச்சு. மெஷின் 64 பிட் தான், போட்ட ஓஎஸ் தான் 32. கோர் 2 டுயோ வச்சிருக்க எல்லாருக்கும் இது பொருந்தும், தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை அடிச்சு பாத்துடுங்க.

ஓடுற சிஸ்டத்தை அப்படியே 32ல இருந்து 64க்கு மாத்துறதுக்கு வித்தை இருக்கு, ஆனா கடை மெஷின்ல எவனும் அதை பண்ண மாட்டான், புதுசா போடுறது தான் நிம்மதி. ஃபைலை எல்லாம் வெளி டிஸ்க்ல எடுத்துட்டு பென்டிரைவ்ல இன்ஸ்டாலரை போட்டு ஓட்டுனோம். ஹோம் தனி பார்ட்டிஷனா இருந்ததால மேனுவல் பார்ட்டிஷன்ல போயி ஹோமுக்கு ஃபார்மட் வேண்டாம்னு விட்டுட்டு ரூட்டை மட்டும் ஃபார்மட் பண்ணோம். வைஃபை ஃபர்ம்வேருக்கு தனியா ஐஎஸ்ஓ தேடி அலைஞ்ச காலமெல்லாம் 12லயே முடிஞ்சு போச்சு, இப்ப சாதா இன்ஸ்டாலர்லயே ஃபர்ம்வேர் வருது. கிராஃபிகல் இன்ஸ்டால்ல தமிழும் இருக்கு, சித்தப்பா தமிழ்லயே போடச் சொன்னாரு, போட்டாச்சு.

புதுசா போட்டாலும் சரி ஏத்துனாலும் சரி, எல்லாரும் மாட்டுறது தற்காலிக ஃபைல் வைக்கிற டெம்ப் ஃபோல்டர்ல தான். 13ல அது டிஸ்க்ல இல்ல, ரேம்ல. டெம்ப்எஃப்எஸ்னு பேரு, ரேம்ல பாதி வரைக்கும் எடுத்துக்கும். 16 ஜிபி இருக்கவங்களுக்கு இது நல்ல விஷயம், வேகமா இருக்கும், எஸ்எஸ்டியும் தேயாது. கடை மெஷின்ல இருக்கறதோ 4 ஜிபி, அப்ப டெம்புக்கு 2 ஜிபி தான் உச்ச வரம்பு, பத்திரம் பதியுறவங்க கொண்டு வர கத்தை கத்தையான பேப்பரை 600 டிபிஐல ஸ்கேன் பண்ணும்போது அது சட்டுனு நிறைஞ்சிடும், டிஸ்க்ல நூறு ஜிபி காலியா இருக்கும்போதே இடம் இல்லைன்னு எரர் வரும். பாக்கறவனுக்கு பைத்தியம் பிடிக்கும். சிஸ்டம்சிடிஎல் மாஸ்க் போட்டு டிஎம்பி டாட் மவுண்ட்டை அமுக்கிட்டு ரீபூட் பண்ணா பழையபடி டிஸ்க்குக்கே வந்துடும், சித்தப்பா கடையில அப்படி தான் வச்சிருக்கேன்.

12ல இருந்து ஏத்துனவங்களுக்கு இதுல ஒரு கூடுதல் தமாஷ், டெம்ப்ல முன்னாடி இருந்த ஃபைல் எல்லாம் அழியாது, ஆனா கண்ணுக்கு தெரியாது, புது டெம்ப்எஃப்எஸ் அதுக்கு மேல ஏறி உக்காந்துக்கும். இடத்தை மட்டும் அடைச்சுட்டு கெடக்கும். ரூட்டை எம்என்டி ஃபோல்டர்ல பைண்ட் மவுண்ட் பண்ணி, அதாவது அதே டிஸ்கை இன்னொரு இடத்துலயும் காட்ட வச்சு, அது வழியா உள்ள போனா எல்லாம் தெரியும், வேணுங்கறதை எடுத்துட்டு மிச்சத்தை அழிச்சிடலாம். புதுசா இன்ஸ்டால் பண்ண சிஸ்டத்துல இன்னொரு மாத்தமும் இருக்கு, டெம்ப்ல பத்து நாள் தொடாம கெடக்கற ஃபைலை அதுவே அழிச்சிடும், வார் டெம்ப்ல 30 நாள். டவுன்லோடை எல்லாம் டெம்ப்ல போட்டு வைக்கிற பழக்கம் இருந்தா இப்பவே விட்டுருங்க.

தமிழ்ல டைப் பண்றவங்களுக்கு ஒரு விஷயம். க்னோம் டெஸ்க்டாப்ல ஐபஸ் எம்17என்ங்கற தமிழ் டைப்பிங் பேக்கேஜ் போட்டிருந்தா தமிழ்99, ஃபொனெடிக் ரெண்டும் அப்படியே வேலை செய்யும். கேடிஇயோட பிளாஸ்மா 6 டெஸ்க்டாப்ல தான் வேலாண்ட்ங்கற புது திரை முறையில உள்ள போனதும் ஐபஸ் கண்டுக்காத மாதிரி உக்காந்திருக்கும், செட்டிங்ஸ்ல விர்ச்சுவல் கீபோர்டுங்கற இடத்துல போயி ஐபஸ் வேலாண்ட்னு இருக்கறதை தேர்ந்தெடுக்கணும். பேரை பாத்தா டச் ஸ்க்ரீன் சமாச்சாரம் மாதிரி இருக்கும், அங்க யாரு போயி பாப்பா சொல்லுங்க.

எல்லாம் முடிஞ்சதும் தேவையில்லாத பேக்கேஜை நீக்குற ஆப்ட் ஆட்டோரிமூவ் அடிக்க கை துறுதுறுன்னு தான் இருக்கும். அடிக்காதீங்க. பழைய 6.1 கர்னல் அப்படியே கெடக்கட்டும், புது 6.12ல வைஃபையோ கிராஃபிக்ஸோ தகராறு பண்ணுச்சுன்னா, அதுவும் டிகேஎம்எஸ் டிரைவர் (ஒவ்வொரு கர்னலுக்கும் தனியா கட்ட வேண்டிய டிரைவர்) ஓட்டுறவங்களுக்கு இது ஜாஸ்தி வரும், பூட் ஆகும்போது வர கிரப் மெனுவுல அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ் போயி பழசுல பூட் பண்ணி நெட்டை பிடிச்சிக்கலாம். சஸ்பெண்ட் போட்டு எழுப்பி பாருங்க, பிரின்டர்ல ஒரு பக்கம் எடுங்க, புரொஜெக்டர் மாட்டுறவங்க மாட்டி பாருங்க. ரெண்டு மூணு வாரம் ஓட்டிட்டு அப்புறம் ஆட்டோரிமூவ், அதுக்கும் முன்னாடி அது காட்டுற லிஸ்ட்ல டெஸ்க்டாப் பேரு ஏதாவது மாட்டியிருக்கான்னு ஒரு பார்வை.