முந்தைய இரவே உப்பு: பன்றிச் சாப்ஸுக்கு எங்கள் வீட்டு மசாலா

எங்கள் ஊரில் பன்றி இறைச்சி வாங்கினால், தோலும் கொழுப்பும் சதையும் கலந்து சிறு துண்டுகளாக வெட்டித் தருவதுதான் வழக்கம். வறுத்தரைத்த மசாலாவில் வேகவைத்து, நல்லமிளகு தூக்கலாகப் போட்டு வற்றவைத்த அந்தக் கறியை விட்டால் மரச்சீனிக்கிழங்குக்கு (மரவள்ளிக்கு) பொருத்தமான கூட்டு வேறில்லை என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து கிடையாது. ஆனாலும் சில ஆண்டுகளாக, ஞாயிறு பூசை முடிந்து மார்த்தாண்டம் பக்கம் கடைக்குப் போகும்போது, முதுகெலும்பை ஒட்டிய பகுதியை எலும்போடு சேர்த்து ஓர் அங்குலக் கனத்தில் சாப்ஸாக வெட்டித் தரும்படி கேட்டு வாங்கி வருகிறேன். முதல் முறை கேட்டபோது, "இவ்வளவு கனமா இருந்தா வேவாது மக்களே, சின்னதா வெட்டித் தாறேன்" என்று கடைக்காரர் தயங்கினார். அவருடைய தயக்கத்தில் நியாயம் இருந்தது. கறியில் துண்டு சிறியது, அடுப்பில் இருக்கும் நேரம் நீண்டது, குழம்பே அதற்குச் சுவை ஏற்றிவிடும். சாப்ஸோ தோசைக்கல்லில் பத்து நிமிடம் கிடப்பதே அதிகம் என்பதால், அதன் உள்சுவையை அடுப்பு மூட்டுவதற்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும்.

இதை நான் ஒரு கிறிஸ்துமஸ் நாளில் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் ஊடுபயிராக விளைந்த அன்னாசி ஒன்று வீட்டில் இருந்தது. அன்னாசிச் சாறு இறைச்சியை மிருதுவாக்கும் என்று கேள்விப்பட்டிருந்ததால், உப்பு, மிளகாய் வற்றல் பொடி, இஞ்சி, பூண்டு, வினிகர் ஆகியவற்றோடு அந்தச் சாற்றையும் சேர்த்து, நள்ளிரவுப் பூசைக்குக் கிளம்பும் முன் சாப்ஸில் பிரட்டி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். மறுநாள் மதியம் எடுத்துப் பார்க்கையில், விரல் பட்ட இடமெல்லாம் சதை நார் நாராகக் கூட அல்லாமல் கூழாக வழிந்து வந்தது. கல்லில் போட்டபோது மேற்பரப்பு சிவக்கவே இல்லை. வெந்த மாவைப் போல வெளிறிப்போய் ஒட்டிக்கொண்டது. விருந்தினர்களுக்கு முன்னால் அதை வைக்க மனமில்லாமல் நின்றுகொண்டிருந்தேன். அம்மா ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "ராத்திரி உப்பு மட்டும் போட்டு வச்சிருந்தா போதுமே மக்களே" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் பிறகு எல்லாவற்றையும் மாற்றினேன்.

அம்மா சொன்னதன் காரணம் எளியது. நாம் பூசும் மசாலாவில் சதைக்குள் ஆழமாக இறங்கக்கூடியது உப்பு மட்டுமே. மிளகும் பூண்டும் பட்டையும் எத்தனை மணி நேரம் ஊறினாலும் மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீட்டருக்கு அப்பால் போவதில்லை. புளிப்பும் அப்படியே, நேரம் கூடினால் அது உள்ளே போவதற்குப் பதிலாக வெளிப்புறத்தை வெளிறச் செய்து மாவாக்கும். அன்னாசியில் இருக்கும் புரோமலைன் என்னும் நொதி இன்னும் கடுமையானது. சதையின் புரதத்தையே அது அறுத்துவிடுவதால், பச்சை அன்னாசிச் சாற்றுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் இடம் தரக்கூடாது. சாற்றைக் கொதிக்கவைத்து ஆறவிட்டால் அந்த நொதி செயலிழந்து இனிப்பும் மணமும் மட்டும் மிஞ்சும் என்பதால், இப்போது நான் அப்படித்தான் பயன்படுத்துகிறேன்.

ஒரு கிலோ சாப்ஸுக்கு 15 கிராம் உப்பு வைக்கிறேன். தூள் உப்பானால் தலைதட்டிய ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக வரும். கல்லுப்பின் பருமன் ஒரே சீராக இருப்பதில்லையாகையால் அதை நிறுத்துப் போடுவதே நல்லது. இரவு உணவு முடிந்ததும் துண்டுகளைத் துடைத்து, இரு பக்கமும் உப்பைத் தடவித் தட்டில் பரப்பிவிட்டுச் சற்று நேரம் கவனித்தால், வேர்வை அரும்புவதைப் போல நீர் முத்துக்கள் எழுவதைக் காணலாம். அரை மணி நேரத்துக்குள் தட்டில் இளஞ்சிவப்பாக நீர் தேங்கிவிடும். எல்லாச் சாரமும் போய்விட்டதே என்று பதறி அதைக் கொட்டிவிட வேண்டாம். அந்த உப்புநீரே மெல்ல மெல்லத் திரும்பச் சதைக்குள் இறங்கி, புரதத்தை இளக்கி, வேகும்போது நீரை இழந்துவிடாமல் பிடித்துவைக்கும் தன்மையைத் தருகிறது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்து விடியற்காலையில் பார்த்தால் தட்டில் பெரும்பகுதி வற்றியிருக்கும். துண்டின் நிறம் ஆழ்ந்து, தொட்டால் சற்று இறுக்கமாக, மேற்புறம் லேசாகப் பிசுபிசுப்பாக இருக்கும். மசாலா ஒட்டுவதற்கு இதைவிட நல்ல பரப்பு இல்லை.

சமைப்பதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போதுதான் மசாலா. எங்கள் வீட்டில் அடிக்கடி செய்வது நல்லமிளகு மசாலா. ஒரு கிலோவுக்கு இரண்டு மேசைக்கரண்டி நல்லமிளகு, பன்னிரண்டு பல் பூண்டு, இரண்டு அங்குல இஞ்சி, அரைத் தேக்கரண்டி மஞ்சள், ஒரு கொத்துக் கறிவேப்பிலை, மூன்றே மூன்று கிராம்பு. மிளகை அம்மியில் முதலில் ஒன்றிரண்டாகத் தட்டி எடுத்து வைத்துவிட்டு மற்றவற்றை அரைப்பேன். மாவாகிவிட்ட மிளகு கல்லில் கருகிக் கசக்கும். குருணையாக இருந்தால் கடிபடும்போது மணம் விடும். கிராம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மாறாமலைச் சரிவுகளில் விளையும் நம் மாவட்டத்துக் கிராம்பு 2021-இல் 'கன்னியாகுமரி கிராம்பு' என்ற பெயரில் புவிசார் குறியீடு பெற்றது. நகத்தால் கீறினாலே விரலில் எண்ணெய் தெரியும் அளவுக்கு அது வீரியம் உடையது என்பதால், நான்காவது கிராம்பு சேர்ந்தால் மிளகின் மணம் அடங்கிவிடுகிறது. இந்த மணங்களெல்லாம் நீரைவிட எண்ணெயில் நன்றாகக் கரைபவை. ஆகவே அரைத்த விழுதில் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் கட்டாயம் சேரும். புளிப்புக்கு, களியக்காவிளையைக் கடந்து பாறசாலைப் பக்கம் போகும்போது வாங்கி வரும் தென்னங்கள் வினிகர் இரண்டு மேசைக்கரண்டி. புளிப்பு சேர்வதால் அலுமினியப் பாத்திரம் வேண்டாம். பீங்கானோ எவர்சில்வரோ நல்லது.

கருப்பட்டி மசாலா என் மைனியின், அதாவது அண்ணியின், கைப்பக்குவம். இடித்த கருப்பட்டி இரண்டு மேசைக்கரண்டி, நெல்லிக்காய் அளவு புளி, வறுத்த மிளகாய் வற்றல் எட்டு, சீரகம் ஒரு தேக்கரண்டி. சுவையில் இதுவே எனக்கு முதலிடம், ஆனால் இதைத் தொடக்கத்திலேயே பூசிக் கல்லில் போட்டால், உள்ளே வேகும் முன் வெளியே கரியாகிவிடும். புளிக்கரைசலில் கருப்பட்டியைக் காய்ச்சி வடிகட்டி, மற்றவற்றை அரைத்துக் கலந்து தேன் பதத்துக்கு வற்றவைத்து, துண்டு ஏறக்குறைய வெந்த பிறகு கடைசி இரண்டு நிமிடங்களில் தடவிப் புரட்டினால் மினுமினுப்பாகப் பிடித்துக்கொள்ளும். சிரட்டைக் கனலில் சுடுவதானால் இந்த மசாலாவே பொருத்தம்.

சுடும் முறையில் சொல்ல வேண்டியது குறைவு. ஓரத்துக் கொழுப்பில் இரண்டு இடங்களில் கீறிவிட்டால் துண்டு சுருண்டு வளையாது. மேலே வழியும் விழுதைத் துடைத்துவிட்டு, நன்கு காய்ந்த இரும்புத் தோசைக்கல்லில் முதலில் கொழுப்பு ஓரத்தை இடுக்கியால் நிறுத்திப் பிடிக்க வேண்டும். அதிலிருந்து உருகும் நெய்யிலேயே இரு பக்கமும் சிவந்துவிடும். அமெரிக்க வேளாண் துறை 2011-இல் முழுத் துண்டு பன்றி இறைச்சியின் உட்பகுதி எட்ட வேண்டிய வெப்ப அளவை 71 டிகிரி செல்சியஸிலிருந்து 63 டிகிரியாகக் குறைத்து, அதன் பின் மூன்று நிமிடம் ஆறவிடச் சொன்னது. நாடாப்புழுத் தொற்று இன்னும் முற்றாக ஒழியாத நம் நாட்டில், வளர்ப்பு முறை தெரியாத இறைச்சியை நான் 71 டிகிரிக்கே கொண்டுபோகிறேன். அந்தச் சூட்டில் பொதுவாக முதுகுத் துண்டு வறண்டுபோகும். முந்தைய இரவு உப்பு ஏறிய துண்டு மட்டும் தாக்குப்பிடிக்கிறது. பச்சை இறைச்சி ஊறிய விழுதில் மிச்சம் இருந்தால், துண்டுகளை எடுத்த பின் அதே கல்லில் ஊற்றி, அரைக் கோப்பைத் தண்ணீர் விட்டு நன்றாகக் கொதிக்கவைத்து, அவித்த மரச்சீனிக்கிழங்கின் மேல் ஊற்றிக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் சாப்ஸுக்கு முன்பே தீர்ந்துபோவது அந்தக் கிழங்குதான்.